காஜாக்கா சும்மா இருக்கிறாள்

தையல்காரர்கள் தெருவில் அவளுக்கு ஒரே பெயர்தான், காஜாக்கா. சட்டையை யார் தைத்தாலும், பட்டன் நுழைகிற காஜா எடுக்க அவளிடம்தான் வந்தாக வேண்டும். மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் குடித்தனம், பின்னறையில் நான்கு காஜா மெஷின்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பழைய மெஷினோடு தனி ஆளாக ஆரம்பித்தாள். இப்போது மூன்று பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். முழங்கால் மக்கர் செய்ததால் பஸ் ஓட்டுவதை விட்ட கணவர், பின்னறை ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து பட்டன் தைக்கிறார்.

நாட்டிலுள்ள தொழில்களை வீடு வீடாக வந்து கணக்கெடுக்கப் போகிறார்கள் என்று வானொலியில் கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டிக்கடையைக்கூட விடமாட்டார்களாம். அந்தப் பட்டியலில் தன் மெஷின்களும் ஏறிவிட வேண்டும். ‘சொந்தமா காஜா யூனிட் நடத்துறேன்.’ மெஷினை ஓட்டியபடி நான்கு நாளாக இதையே சொல்லிப் பார்த்தாள்.

கணக்கெடுக்கும் பெண் வந்த நேரம் மின்சாரம் போயிருந்தது. பின்னறையில் சத்தமே இல்லை. கதவைத் திறந்தவர் கணவர்.

“சார் என்ன பண்றீங்க?”

“பஸ் டிரைவர்.”

“அம்மா?”

“அவ வீட்ல சும்மாத்தான் இருக்கா.”

வந்தவள், அவருக்குப் பின்னால் வந்து நின்ற காஜாக்காவைப் பார்த்தாள். “அப்படியாம்மா?”

நான்கு நாள் பாடம் எங்கே போனதோ. “ஆமாங்க, சும்மாத்தான்” என்றது வாய்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டு இறங்கிப் போனாள். பின்னறையில் மூவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

“ஏக்கா, நீங்க சும்மா இருந்தா நாங்க யாருகிட்ட வேலை பாக்குறோம்?” என்றாள் மூத்தவள்.

“அக்கா சும்மா இருந்தா ஊரே சட்டையைத் தொறந்து போட்டுக்கிட்டுத்தான் அலையணும்” என்றாள் இன்னொருத்தி.

காஜாக்கா சிரிக்கவில்லை. காலில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஒன்று அவளுடையது, ஒன்று அவருடையது. நான்காவது வீட்டு வாசலில் பிடித்துவிட்டாள்.

“தப்பா சொல்லிட்டேங்க. நான் சும்மா இல்ல. சொந்தமா காஜா யூனிட் நடத்துறேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?”

“கேட்டா அப்படித்தான் வருது. பழகிடுச்சு.”

அந்தப் பெண் மறுபடி மாடியேறி வந்து மெஷின்களை எண்ணினாள்.

“உரிமையாளர்?”

“நான்தான்.”

“வேலை பாக்குறவங்க மூணு பேரா?”

“நாலு” என்றார் கணவர் ஜன்னலோரத்திலிருந்து. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. “டிரைவர்னு போட்டதை அடிச்சுடும்மா. அதை விட்டு ஆறு வருஷமாச்சு. இப்ப இவங்ககிட்டத்தான் வேலை.”

இத்தனை வருடத்தில் அவர் அவளை ‘இவங்க’ என்றது அதுதான் முதல் தடவை. அவள் மெஷின் மேலிருந்த நூல் துணுக்கை ரொம்ப நேரம் தட்டிவிட்டாள்.

“சம்பளம் உண்டா சார்?”

“கேட்டதில்ல.”

“அப்ப சம்பளமில்லாத குடும்ப உறுப்பினர்னு ஒரு கட்டம் இருக்கு. இந்தத் தெருவுல அந்தக் கட்டத்துல வர்ற முதல் ஆம்பளை நீங்கதான்.”

பின்னறையே சிரித்தது. அவரும்தான்.

“போட்டுக்கோங்க” என்றாள் காஜாக்கா. “நல்லா வேலை செய்வாரு. மூணாவது பட்டன் மட்டும் எப்பவும் கொஞ்சம் கோணலா வரும்.”