கூரை குளித்த மழை

ஏற்காட்டில் எங்கள் தகரக் கூரையிலிருந்து தொட்டிக்கு மழைநீர்க் குழாய் மாட்டிய பிளம்பரை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். நாகலூர்க்காரர். ஒல்லியாக, காதில் பென்சிலோடு இருந்தார். எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் வந்தாலும் உள்ளங்கையில் ஏந்தி ருசி பார்ப்பாராம்.

என் மனைவிக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். குடம் தூக்கக் கூடாது. தெருக் குழாயில் ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லை. மழையைத்தான் நம்பியிருந்தோம்.

“ஏனுங்க, கூரையக் கூட்டிட்டீங்ளா?” என்று கேட்டார்.

கூட்டவில்லை. சொல்லக் கூச்சப்பட்டு, ஆமென்று தலையை ஆட்டிவிட்டேன்.

வேலை முடிந்ததும் மழை பிடித்தது. குழாய்த் தண்ணீரை ருசித்தவர் உடனே துப்பினார். குழாயைத் தொட்டிக்கு வெளியே திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

“கூரையக் கூட்டலீங்களா?” என்று உள்ளேயிருந்து மனைவி என்னைக் கேட்டாள்.

“கூட்டுனாருங்க அம்மிணி. அப்பறமா கொரங்கு வந்திருக்குது,” என்று அவரே சொன்னார்.

மழை நின்றுவிடுமோ என்று வானத்தைப் பார்த்தேன். “போதுங்களா?” என்றேன்.

“கூரை நல்லாக் குளிக்கட்டுமுங்க.”

நனைந்தபடியே ருசிப்பதும் துப்புவதுமாக நின்றார். நான்காம் தடவை துப்பவில்லை, விழுங்கினார். குழாயைத் தொட்டிக்குள் திருப்பினார். மழை நிற்கவில்லை. தொட்டி வழியும் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் மழைக்கு முன்பே கூரையைக் கூட்டிவிடுகிறேன். குரங்குகள் நிஜமாகவே அப்புறம்தான் வருகின்றன.