மகளுக்கு ஒரு கட்டில்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. திண்டுக்கல் கடைவீதியில் இருக்கும் ஒரு மரச்சாமான் கடையில் நானும் என் மனைவியும் பிறக்கப்போகும் குழந்தைக்குக் கட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து சாணார்பட்டிப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தவள், அன்றைக்கு டாக்டரிடம் காட்டுவதற்காக டவுனுக்கு வந்திருந்தாள். பிரஷர் கொஞ்சம் கூட இருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொண்டு அடுத்த வாரம் திரும்ப வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்ததுதான் வந்தோம், கட்டிலையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு எடைமேடையில் வேலை பார்க்கிறேன். வெங்காய லாரி, செங்கல் லாரி, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை எடை போட்டுச் சீட்டுக் கிழிப்பதுதான் தொழில். அந்தப் புத்தியோ என்னவோ, எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டேன். கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலும் தராசைக் குனிந்து பார்ப்பேன். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கே இவள் எத்தனை கிலோ என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பீர்கள் என்று மனைவி கிண்டல் செய்வாள். பொய் சொல்வானேன், போட்டேன்தான்.

அந்தக் கடையில் நான்கு கட்டில்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கம்பிகளுக்கு நடுவில் என் கை எவ்வளவு தூரம் நுழைகிறது என்று பார்த்தேன். பெயிண்டை முகர்ந்தேன். சக்கரத்தை உருட்டினேன். நான்கு பக்கமும் கையை ஊன்றி என் முழு எடையையும் கொடுத்து அமுக்கிப் பார்த்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பிள்ளைக்குத்தானே வாங்குறீக? யானைக்கு இல்லையே?" என்று கேட்டார்.

மனைவிக்குப் பிடித்தது சாதாரணமான ஒரு சின்னக் கட்டில். நான் தேர்ந்தெடுத்தது பெரியது. சக்கரத்தை மடக்கினால் தொட்டில் மாதிரி ஆடும், இறக்கினால் கட்டில், ஒரு பக்கத்துக் கம்பியைக் கழற்றினால் பத்து வயது வரைக்கும் படிக்கிற மேசை. ஆடுகிறதா என்று பார்க்க ஒரு தள்ளு தள்ளினேன். மனைவி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"காலித் தொட்டில ஆட்டாதீங்க. ஆகாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மாமியாரும் ஆரம்பத்திலிருந்தே இதே பாட்டுதான். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வருகிற வரைக்கும் பிள்ளைக்கென்று ஒரு துண்டுத் துணிகூட வாங்கக் கூடாது என்று வளைகாப்பு அன்றைக்கே எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனைவியைச் சீண்டுவதற்காகவே அந்தக் காலிக் கட்டிலை இன்னும் இரண்டு முறை நன்றாக ஆட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாயங்காலமே கட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது.

அடுத்த புதன்கிழமை காலையில், எடைமேடையில் லாரி நிற்கும்போது போன் வந்தது. மனைவிக்குக் கண் மங்கலாகத் தெரிகிறதாம், தலை பிளக்கிறதாம். சாணார்பட்டியிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. தாயா பிள்ளையா என்று கேட்கிற நிலைமையில், உடனே ஆபரேஷன் செய்து எட்டாம் மாதத்திலேயே குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம்.

ஆயிரக்கணக்கான லாரிகளுக்குச் சீட்டுக் கிழித்தவனுக்கு அந்த எண் தலைக்குள் ஏறவே இல்லை. என் மேடையில் இருபது கிலோவுக்குக் குறைந்தால் முள்ளே அசையாது.

மனைவி நினைவில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில். குழந்தை மேல்மாடியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விளக்கு வெளிச்சத்துக்கு அடியில். இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டில் ஏறி இறங்குவதுதான் எனக்கு வேலை. மாமியார் மகளின் வாசலைவிட்டு நகரவில்லை. அவருக்கு இருமல் இருந்ததால் மேல்மாடிக்கு விடவும் இல்லை. என்னைப் பார்த்தால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். காலித் தொட்டிலை ஆட்டியவன் நான்தானே. சகுனம், சாங்கியம் எதையும் நம்பாதவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன்தான். ஆனால் அந்த மூன்று நாளும், கண்ணை மூடினால் அந்தக் கட்டில் ஆடுவதுதான் தெரிந்தது.

நான்காம் நாள் காலையில் வீட்டுக்கு வந்தேன். துணி எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தேன். ஜன்னலோரத்தில் அதைப் பார்த்ததும் என்ன ஆனதோ, ஸ்பேனரை எடுத்துக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். போல்ட் போல்ட்டாகக் கழற்றி, பலகை பலகையாக எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கடைசிப் பலகையைத் தள்ளும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருத்தி பேசினாள். "ஏனுங்க அண்ணா, சோப்புப் போட்டு நல்லாக் குளிச்சுப்போட்டு வாங்க. முன்பக்கம் பட்டன் வச்ச சட்டை போடுங்க. பவுடர், சென்ட் ஒண்ணும் வேண்டாமுங்க." அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். கடைசியாகப் பார்ப்பதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அழுதுகொண்டே குளித்தேன்.

போய் நின்றேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சு. சாய்வு நாற்காலி ஒன்றைக் காட்டி உட்காரச் சொன்னாள். சட்டைப் பட்டனைக் கழற்றச் சொன்னாள். குழந்தை இப்போது தானாக மூச்சுவிடுகிறது, ஆனால் உடம்பில் சூடு நிற்கவில்லை, தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்தால் தேறிக்கொள்ளும், தாய்க்கு இன்னும் நினைவு வராததால் நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொம்பளைகள் யாராவது வேண்டாமா என்று கேட்டேன். "அப்பன் நெஞ்சும் சூடாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் குழந்தையைத் தூக்க ஆரம்பித்தாள்.

தலையில் ஒரு குல்லா, காலில் உறை, இடுப்பில் ஒரு துணி. மூக்கில் பால் போகிற குழாய், காலில், மூச்சைக் கவனிக்கிற மெஷினிலிருந்து வரும் ஒரு வயர். என் நெஞ்சுக்கு நடுவில் அவளை நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கை கால்களைத் தவளை மாதிரி மடக்கி, ஒரு அகலத் துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினாள். அவ்வளவு நேரமும் நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்திருந்தேன்.

எடையே தெரியவில்லை. நான் சட்டைப் பையில் வைத்திருக்கும் சீட்டுக் கட்டும் பேனாவும்கூட இதைவிடக் கனக்கும் என்று தோன்றியது. சூடு இல்லாத, ஈரக் காகிதம் போன்ற தோல். அதற்குள் ஒரு இருதயம் படபடவென்று அடிப்பது என் எலும்பில் தெரிந்தது.

"நீங்க மொதல்ல மூச்சு உடுங்க" என்றாள் சிஸ்டர். அப்போதுதான் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். திடீரென்று பக்கத்தில் இருந்த மெஷின் கத்தியது. பார்த்தால் என் நெஞ்சின் மேல் அசைவே இல்லை. உதட்டைச் சுற்றி நீலம் பரவியது. சிஸ்டர் என்று கத்தினேன். அவள் நாலு எட்டில் வந்து, என் கையைப் பிடித்துக் குழந்தையின் முதுகில் வைத்து, "தேச்சு உடுங்க, தேச்சு உடுங்க" என்றாள். இரண்டு விரலால் தேய்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. என் வாழ்நாளில் அதைவிட நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. குழந்தை ஒரு விம்மல் விம்மி, மூச்சை இழுத்தது. நீலம் மெதுவாகக் கலைந்து சிவந்தது.

குறைமாதத்துப் பிள்ளைகள் இப்படித்தான் மூச்சுவிட மறந்துபோகும், ஞாபகப்படுத்தினால் போதும் என்றாள் சிஸ்டர், சாதாரணமாக. மூச்சுவிட ஞாபகப்படுத்துவதா? அதுவும் என் இரண்டு விரல்களா? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. கோயில் கருவறைக்கு முன்னால் நின்றபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

அதற்குப் பிறகு நான் அசையவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துச் சூடு பார்த்தார்கள். ஏறியிருந்தது. இரண்டு மணி நேரத்தில், இருக்க வேண்டிய இடத்துக்கே வந்துவிட்டது. முதலில் தறிகெட்டு அடித்துக்கொண்டிருந்த அவள் மூச்சு, மெல்ல மெல்ல ஒரு சீருக்கு வந்தது. சுருக்கங்கள் விழுந்திருந்த நெற்றி தளர்ந்தது. எந்த மருந்தும் புதிதாகக் கொடுக்கவில்லை. நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். என் உடம்புக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று முப்பத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியார், வாயில் துணி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தன் மகள் கண்விழித்துவிட்டாள் என்று சொல்வதற்காக மேலே வந்தவர், நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு தேம்பினார்.

"நாந்தான் மாப்ள. நாந்தான் பாவி. உங்ககிட்டக் கூடாது கூடாதுன்னு சொல்லிப்புட்டு, அஞ்சாம் மாசமே ஆசை தாங்காம பழைய சேலையக் கிழிச்சு பன்னெண்டு சட்டை தச்சுப் பெட்டியில ஒளிச்சு வச்சேன். அதான் இப்புடி ஆயிருச்சு."

நான்கு நாளாக அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்மேல் இருந்த கோபத்தால் அல்ல. என்னைப் பார்க்கக் கூசித்தான் திரும்பியிருக்கிறார். நான் கட்டிலை ஆட்டியதைச் சொன்னேன். எங்களைக் கடந்து போன சிஸ்டர் நின்று, "உள்ள பதினாலு பிள்ளைங்க இருக்குதுங்க. அத்தனைக்குமா முன்னாலயே கட்டிலு, சட்டையெல்லாம் வாங்குனாங்க? பிரஷருங்க அது. போயி சாப்புடுங்க ரெண்டு பேரும்" என்று ஒரு அதட்டுப் போட்டாள். மாமியார் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். கண்விழித்த மனைவியைப் போய்ப் பார்த்துவிட்டு, அன்றைக்குத்தான் நான்கு நாளில் முதன்முறையாக இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அதன் பிறகு பத்து நாள், நாளுக்கு ஆறேழு மணி நேரம் நான்தான் அவளுக்குப் படுக்கை. அதற்கப்புறம் ஒரு காலையில், எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறிய மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெற்ற பிள்ளையை அவள் முதன்முதலாகப் பார்க்கிறாள். என் நெஞ்சில் கட்டியிருந்த மூட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எங்கிட்டக் குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். சிஸ்டர் முடிச்சை அவிழ்த்து மாற்றிக் கட்டினாள். என் நெஞ்சு திடீரென்று குளிர்ந்தது. சட்டைப் பட்டனைப் போட மனம் வராமல் அப்படியே நின்றேன்.

ஒரு கிலோ எண்ணூறு ஆன பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டில் எங்கே என்று மனைவி கேட்டாள். அடியில் கிடக்கிற பலகைகளைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள், தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அதைத் திரும்ப மாட்டியதில் இரண்டு போல்ட் மிச்சமாகிவிட்டது. இன்றைக்கும் கொஞ்சம் கிறீச்சிடும். மாமியார் தைத்த பன்னிரண்டு சட்டைகளும் குழந்தைக்குப் பொருந்த ஐந்து மாதம் ஆயிற்று.

இப்போது அவளுக்கு மூன்று வயது. வீடு தாங்காத வாய். ஆனால் காய்ச்சல் வந்துவிட்டால் மட்டும் எங்கிருந்தாலும் என்னைத் தேடி வந்து, ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே, என் நெஞ்சில் காதை வைத்துச் சுருண்டுகொள்கிறாள். எதைப் பார்த்து என்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்தாய் என்று அவளிடம் கேட்கத் தோன்றும். அந்த நம்பிக்கைக்குத் தகுந்தவனாகக் கடைசிவரை இருந்துவிட வேண்டுமே என்ற பயமும் பக்தியும்தான் இன்றுவரை என்னை நடத்திக்கொண்டு போகின்றன.