புளிப்பு என்று எழுதிய பால்

அப்பா பால் பண்ணையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். பால் இறக்கும் மேடையில் நின்று, வருகிற பாலைச் சோதிக்கும் வேலை.

டேங்கர் வந்ததும் மேல்மூடியைத் திறந்து முதலில் முகர்வார். பிறகு ஐந்து மில்லி பாலைச் சோதனைக் குழாயில் எடுத்து, கொதிநீரில் ஐந்து நிமிடம் நிறுத்துவார். எடுத்துச் சாய்ப்பார். கண்ணாடியில் பால் வழுக்கிக்கொண்டு இறங்கினால் நல்லது. பொட்டுப் பொட்டாகத் துகள் ஒட்டினால் அது சூடு தாங்காத பால். பார்த்ததைப் பதிவேட்டில் ஒரே சொல்லில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். 'நல்லது' என்று எழுதினால் பால் தொட்டிக்குப் போகும். 'புளிப்பு' என்றால் நல்ல பாலோடு கலந்து தயிர்ப் பிரிவுக்கு. 'திரிந்தது' என்றால் சாக்கடைக்கு.

எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு கோடையில், வழியில் குளிர்ப்பான் பழுதாகி ஆறு மணி நேரம் நின்றுபோன டேங்கர் ஒன்று காலை பத்தரைக்கு வந்தது. நான் அப்போது அதே பண்ணையின் ஆய்வகத்தில் பயிற்சி ஊழியர். மாதிரி வாங்க மேடைக்குப் போயிருந்தேன். அப்பா குழாயைச் சாய்த்தார். சுவர் முழுக்கத் துகள்.

மேலாளர் வந்தார்.

"என்ன பெரியவரே, பன்னிரண்டாயிரம் லிட்டரையும் கொட்டச் சொல்றீங்களா?"

"திரிஞ்சிருக்கு சார். நீங்களே பாருங்க."

"புளிப்புன்னு போடுங்க. மூணு மடங்கு நல்ல பால்ல கலந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"சார், அது வந்து..."

"உங்க பொண்ணோட ஃபைல் வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு வருது. நல்லா வேலை செய்யுதுன்னு சொல்றாங்க."

மிரட்டுகிற குரல்கூட இல்லை. அப்பா பேனாவை எடுத்தார். 'புளிப்பு' என்று எழுதினார். குழாயை என்னிடம் நீட்டி, "கழுவி வைம்மா" என்றார். வைத்தேன். பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் துகள் போனது.

அந்தத் தயிர் ஒரு மருத்துவமனைக்குப் போனது. பத்தொன்பது பேருக்கு வாந்தி, பேதி. பிரசவமாகி நாலு நாளான ஒரு பெண் இறந்துபோனாள். பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும். அது விட்டுப்போன நஞ்சு சாகாது. பாடத்தில் படித்திருந்தேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். புளிப்பு. விதிப்படி தயிருக்கு அனுப்பலாம். பால் மேல் தப்பில்லை என்றால் மீதி இருந்தது தயிர்ப் பிரிவு. பாலை உறைய வைக்க ஊற்றுகிற பழைய தயிருக்குப் பிரை என்று பெயர். அதை ஊற்றுகிற அம்மா ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் பிரைக்காரம்மா. 'பிரை அசுத்தம்' என்று அறிக்கை வந்தது. அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது.

அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குச் சொற்கள் மேல் பித்துப் பிடித்தது.

மேடைக்கு வருகிற ஓட்டுநர்களையெல்லாம் நிறுத்திக் கேட்பார்: "உங்க பக்கம் கெட்ட பாலை என்னன்னு சொல்வீங்க?" சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. திரிஞ்சது, முறிஞ்சது, உடைஞ்சது, பிரிஞ்சது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த ஊர், யார் சொன்னது என்று குறிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் தடித்த அகராதிகளைப் புரட்டுவார். ஓட்டுநர்கள் அவருக்கு 'அகராதி' என்றே பெயர் வைத்தார்கள்.

"வாங்கய்யா, அகராதி புடிச்சவருக்கு இன்னிக்கு என்ன வேணும்?"

"பால் கெட்டா என்ன சொல்வீங்க?"

"கெட்டுப்போச்சுன்னு சொல்வோம்."

"அது எல்லாத்துக்கும் சொல்றதுதானே?"

"ஆமா. என் மச்சானுக்கும் அதேதான் சொல்றோம்."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். எழுதிக்கொள்ள மாட்டார்.

வீட்டில் சாப்பிடும்போது சொல்வார். "உறையறதுன்னா தங்கறது. உறைவிடம்னு சொல்றோம் இல்லையா? பால் ஓடாம ஒரு இடத்துல தங்கிடுது. திரியறது அதுக்கு நேர் எதிர். நிலை மாறிப்போறது, தறிகெட்டு அலையறது. ஒரே பால்தான், பாரு." தோய்கிறது என்றாலும் உறைவதுதான் என்பார். பழைய புலவர்கள் அளை என்ற சொல்லைத் தயிருக்கும் மோருக்கும் வைத்திருந்தார்கள் என்பார். தயிர் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் அவருக்குக் கடைசிவரை நிச்சயமில்லை. வடமொழி ததியோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு என்று இரண்டையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

அம்மா இதை வயசான காலத்துப் பொழுதுபோக்கு என்று நினைத்தாள். எனக்குத் தெரியும். அவர் தேடியது ஒரே ஒரு ஊரை. புளித்த பாலையும் திரிந்த பாலையும் ஒரே சொல்லால் சொல்கிற ஊர். அப்படி ஒன்று இருந்துவிட்டால் அவர் எழுதியது பொய் ஆகாது. இதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை.

போன வருடம், ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, கிடைத்தது. வெகுதொலைவிலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவர். "எங்க பக்கம் எல்லாமே புளிச்சதுதான்ய்யா. புளிச்சாலும் புளிச்சது, திரிஞ்சாலும் புளிச்சது. வேற வார்த்தை கிடையாது."

அன்றைக்கு அப்பா விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

மறுநாள் அந்த ஓட்டுநர் கிளம்புமுன் அப்பா மறுபடி அவரிடம் போனார். எதையும் இரண்டு முறை சோதிக்காமல் விடமாட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நேத்து சொன்னீங்களே. அப்போ அந்தத் திரிஞ்ச பாலை என்ன செய்வீங்க? தயிருக்குச் சேர்ப்பீங்களா?"

ஓட்டுநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்னய்யா கேக்கறீங்க? கொட்டிடுவோம். புள்ளைகுட்டி இருக்கற வீட்டுல அதை வெச்சுக்குவாங்களா?"

அப்பா நோட்டைத் திறக்கவில்லை. மேடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். "எந்தச் சொல்லா இருந்தா என்ன, கொட்டத்தான் செய்யறாங்க" என்றார். என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

அந்த வாரமே பிரைக்காரம்மா வீட்டைத் தேடிப் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. ஸ்டவ், மடக்குக் கட்டில், ஒரு தண்ணீர்க் குடம். ஒரு ஆளுக்கான பாத்திரங்கள். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

அப்பா நின்றுகொண்டே சொன்னார். "பால் அன்னிக்குத் திரிஞ்சிருந்ததும்மா. நான்தான் மாத்தி எழுதினேன். உங்க பிரைல ஒண்ணும் இல்ல."

பிரைக்காரம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "என் மகன் என் கையால சாப்பிட்டு ஏழு வருஷம் ஆகுது அண்ணே. வீட்டுக்கு வருவான். கடையில வாங்கின பொட்டலத்தோட வருவான். நானே சில நாள் என் கையை மோந்து பார்ப்பேன்." கையை முந்தானையில் துடைத்தார். "இதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க போய்ச் சொல்லுங்க."

அப்பா எழுதிக் கொடுத்தார். பண்ணை அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பழைய மேலாளர் இறந்துபோயிருந்தார்.

"ஏழு வருஷம் கழிச்சு நீங்க ஒருத்தர் சொல்றீங்க. ரிட்டையர் ஆகப்போற நேரத்துல. இதை வெச்சு நான் அறிக்கையை மாத்த முடியாது பெரியவரே. அந்தக் குழாயை வேற யாராவது பார்த்தாங்களா?"

நான் கதவருகே நின்றிருந்தேன். அப்போது நான் ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் பார்க்கல சார்."

நான் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி மனுவின் மூலையில் 'ஆதாரம் இல்லை' என்று எழுதி மூடினார். வெளியே வந்து அப்பா, "உன் வேலைக்காகத்தானே அன்னிக்கு எழுதினேன், இப்போ அதையும் கெடுத்துக்கணுமா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. கணக்கை விளக்குவது போலச் சொன்னார்.

ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம் வயிற்றுவலி என்றார். கணையத்தில் கட்டி. நாலு மாதம். கடைசியில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஒரு நாள் பிற்பகல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மாவோட பையன் அவங்க கையால சாப்பிட்டானா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை, அறிக்கை மாறாதபோது சாப்பிட ஒரு காரணமும் இல்லை என்று எனக்குத் தெரியும். "சாப்பிட்டாம்பா" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பவில்லை. கையை விட்டார். மறுநாள் விடிகாலையில் போய்விட்டார்.

இருபத்தாறு நாள் ஆகிறது. போன திங்கள்கிழமை அலுவலகத்தில் என் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். குழாயைப் பார்த்தேன், துகள் இருந்தது, கழுவியது நான், அப்பா பொய் சொன்னபோது பேசாமல் நின்றதும் நான். ஒன்றரைப் பக்கம். அதிகாரி படித்துவிட்டு, "உங்களுக்கு இதோட விளைவு தெரியுமில்லையா?" என்றார். தெரியும் என்றேன். அன்று மாலையே ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை விசாரணை. பிரைக்காரம்மாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். மகனை அழைத்துவரச் சொல்ல நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"கேட்டிருக்கேன்" என்றார். "லீவு கிடைக்குதான்னு பார்க்கறேன்னு சொல்லியிருக்கான்."