செவில்யாவின் மணிக்கோபுரம்

ஸ்பெயினின் செவில்யா நகரைப் பார்த்துவிட்டு மொன்றியல் திரும்பிய பங்கு மக்கள், ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீரோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வெயில் ஆளைப் பொரிச்செடுத்துப்போட்டுது," என்றார் குழுவை அழைத்துப்போன நீக்கிலாப்பிள்ளை. அவர் மனைவிக்கு அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துவரவில்லை. கூடப்போன றெபேக்காவுக்கோ ஆரஞ்சு காய்க்கும் தோடை மரங்கள் நின்ற தெருக்களை விட்டுவர மனமே இல்லையாம்.

"உங்களுக்கு எப்பிடி, யோசெப்பினக்கா?" என்று அவள் கேட்டாள்.

யோசெப்பின் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் வேலை செய்பவள். மன்னாரில் மிதிவெடியில் இடது காலை இழந்து, பொய்க்காலோடு நடப்பவள். செவில்யாவில் பேராலயத்தின் மணிக்கோபுரத்தடியில், "நீங்கள் கீழை இருங்கோ, தங்கச்சி," என்று அவளிடம் சொல்லிவிட்டு நீக்கிலாப்பிள்ளை மேலே போனார். எல்லோரும் போனபின் உள்ளே எட்டிப் பார்த்தாள். படிகள் இல்லை, சுற்றிச் சுற்றி மேலேறும் சரிவுப் பாதைதான். படிகள்தான் அவளுக்குப் பகை. சுவரைப் பிடித்து, நின்று நின்று ஏறினாள். உச்சிக்குக் கிட்ட சில படிகள் வந்தன. அவற்றையும் அவள் விடவில்லை.

"வெயிலும் தெரியேல்லை, சாப்பாடும் ஞாபகமில்லை," என்றாள் இப்போது. "மேலை நிண்டு பாத்தன். முழு ஊரும் என்ரை ரெண்டு காலுக்கும் கீழை கிடந்தது."

"ஓம்," என்று சிரித்தார் நீக்கிலாப்பிள்ளை. "நான் உச்சியிலை களைச்சுப்போய் நிலத்திலை குந்தியிருக்க, இவ நிமிர்ந்து நடந்து வந்தா."