மழை பெய்தால் இங்கிலீஷ் வகுப்பு

ஈப்போவில் நான் நடத்தும் டியூஷனில் நேற்று ஒரு மாணவி, ‘தி கேட் இஸ் குளோஸ்ட்’ என்ற வரியைக் காட்டி, “டீச்சர், இது அட்ஜெக்டிவா, பாசிவா?” என்றாள். இதற்குப் பதில் சொல்லியே என் தொண்டை தேய்ந்துவிட்டது. கேட் மூடிக் கிடக்கிறது என்று நிலையைச் சொன்னால் அட்ஜெக்டிவ். தினமும் காவலாளி அதை மூடுகிறார் என்றால் பாசிவ். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வெளியே மழை. ஈர மண் வாசத்தோடு, எங்கிருந்தோ ஒட்டுப்பால் நாற்றமும் வந்ததுபோல் இருந்தது.

ஒட்டுப்பால் என்றால் மரத்திலும், பால் பிடிக்கும் மங்கிலும் காய்ந்து ஒட்டிய ரப்பர். என் முதல் மாணவிகளின் கையெல்லாம் அந்த நாற்றம்தான். கோப்பெங் பக்கம் ஒரு தோட்டத்தில், பால்மரம் சீவப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையில் வகுப்பு. அதுவும் காலையில் மழை பெய்தால்தான். மரம் நனைந்தால் சீவ முடியாது, அன்றைக்குச் சம்பளமும் கிடையாது. அவர்கள் மழை வேண்டாமென்று சாமி கும்பிட, நான் மேகம் பார்த்து நிற்பேன். நல்ல டீச்சர்தான்!

அவர்களில் லெட்சுமி அக்காவுக்கு மட்டும் மழை வேண்டியிருந்தது. தோட்டம் கைமாறப் போகிறது, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அதற்குள் எஸ்.பி.எம். பரீட்சை எழுதி ஆஸ்பத்திரி வேலைக்கு மனுப் போட வேண்டும். “இங்கிலீஷ் ஒண்ணுதான் டீச்சர் கழுத்தறுக்குது,” என்பார்.

பாசிவ் பாடம் தொடங்கிய மாதம் உத்தரவு மாறியது. வெட்டிச் சாய்க்கப் போகும் மரங்களில் மிச்சப் பாலையும் எடுத்துவிட வேண்டுமாம். மழை விட்டதும் மத்தியானமே சீவ வேண்டுமாம். எல்லாரும் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். லெட்சுமி அக்கா மட்டும் ஒரு மழைநாளில் வந்தார். நான் பலகையில் எழுதித் திரும்புவதற்குள் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். எழுப்பிப் பார்த்தேன், ‘ம்’ என்றார், அவ்வளவுதான். மழை விட்டு, வேலைக்குக் கூப்பிட்டு மண்டோர் கத்தியபோதுதான் விழித்தார்.

“ஐயோ, பாடம்?”

“அடுத்த மழைக்குப் பாத்துக்கலாங்கா.”

“இனி எந்த மழைக்கு லா, டீச்சர்?”

இங்கிலீஷில் அவர் தேறவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

லயம், கொட்டகை, பால்மரம் எதுவும் இப்போது அங்கே இல்லை. வரிசையாக மாடி வீடுகள். லெட்சுமி அக்கா இந்த வயதிலும் சிம்பாங் பூலாயில் ஒரு தொழிற்சாலையைக் கூட்டித் துடைக்கிறார். நேற்று வகுப்பு முடிந்ததும் போன் போட்டேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“இந்த மழையிலயாக்கா?”

“மழைக்கு வீட்ல உக்காந்ததெல்லாம் தோட்டத்தோட போச்சு டீச்சர். ரெயின்கோட்ட மாட்டிக்கிட்டேன், போய்ட்டு வாரேன்.”