பச்சைப் பட்டனும் என் சகலையும்

போன ஞாயிறு, தேவதானத்தில் என் மாமனார் தோட்டத்தில் புது மோட்டார் செட்டுக்குப் பூஜை. அந்த வீட்டில் புது மோட்டாரை முதன்முதலில் போட்டுவிடுவது ஒரு மரியாதை. மூத்த மாப்பிள்ளை நான் இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடப் போகிறார்கள்? இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்பிவிட்டேன்.

பூஜைக்கு இன்னும் நேரம் இருந்தது. மச்சான் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, 'செட்' என்ற குட்டி இங்கிலீஷ் வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் தெரியுமா என்று ஆரம்பித்தேன். முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன்... வாய் சும்மா இருக்குமா? சூரியன் மறைந்தால் செட். ஜெல்லி உறைந்தால் செட். முறிந்த எலும்பைச் சேர்த்துவைத்தால் அதுவும் செட். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

அப்போது வந்தார் சகலை. என் மனைவியின் தங்கை புருஷன். சேத்தூர்க்காரர், மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏலே, எங்கிட்டக் கேளுங்க. மைக் செட்டு, நகை செட்டு, செட் தோசை... நானும் இந்த ஊரு போஸ்ட்மேனும் பள்ளிக்கூடத்துல ஒரே செட்டு. ஒங்க அத்தைக்கும் எனக்கும் மட்டும் ஒருநாளும் செட் ஆகாது. அம்புட்டுதான்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மனைவியும் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. நான் டிக்‌ஷனரியைப் புரட்டிப் படித்ததை இந்த மனுஷன் தோசைக்கல்லில் இருந்து எடுத்துப் போடுகிறார்!

அதோடு விட்டதா? மாமனார் சொன்னார்: "சின்ன மாப்பிள்ளை கையால போடட்டும். போர் போட்ட நாள்லருந்து அவருதான வெயில்ல கெடந்தாரு."

நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிந்தது.

சகலை அந்த நேரம் பார்த்து, மறந்துபோன சூடம் வாங்க பைக்கில் போயிருந்தார். "நேரமாகுது மாமா, நானே போட்டுர்றேன்" என்று மோட்டார் ரூமுக்குள் நுழைந்தேன்.

"ஏங்க, செத்த நேரம் பொறுங்க. அவிய வந்துரட்டும்" என்றாள் என் மனைவி. பொறுப்பேனா? பச்சைப் பட்டனை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினேன். தலைக்கு மேலே பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் இருக்கே... மோட்டார்தான் சரியில்ல. யார் பாத்து வாங்குனது இத?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டேன். வாங்கியது சகலை என்பது எனக்குத் தெரியாதா என்ன?

"பெரிய மாமா, த்ரீ பேஸ் இன்னும் வரல! வர கால் மணி நேரம் ஆகும்" என்றாள் மச்சானின் சின்ன மகள். ஒரு லைன் வந்தால் பல்பு எரியும், மோட்டாருக்கு மூன்றும் வர வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது வாத்தியாருக்குத் தெரியவில்லை. தோட்டமே சிரித்தது.

சூடத்தோடு வந்த சகலை மட்டும் சிரிக்கவில்லை. த்ரீ பேஸ் வந்ததும் நகர்ந்து நின்றார். "அண்ணே, நீங்கதான் மூத்தவுக. போடுங்க."

போட்டேன். தண்ணீர் பாய்ந்து கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலை நிமிரவில்லை.

என் மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். சாயங்காலம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்ட சகலை, பைக்கை ஆஃப் பண்ணிவிட்டுச் சொன்னார்: "அண்ணே, தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க வாரா வாரம் பத்திரிகைல எழுதுறத மாமா தோட்டத்துக்கு வர்ற ஆள்கிட்டயெல்லாம் காட்டுவாரு. எனக்கு அம்புட்டுப் பொறாமையா இருக்கும்ணே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் இத்தனை வருஷமாக மென்று முழுங்கிய வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! 'எனக்கும்தான்' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அதிலும் அவர்தான் முந்திக்கொண்டார்.

சகலை, இப்போது சொல்லிவிடுகிறேன்: எனக்கும்தான்.

மாமா... இந்த வாரம் மட்டும் யாரிடமும் காட்டாதீர்கள்!