கானுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்

லோரன்ஸுக்குத் தன் பெண்சாதி பெற்றீசியா மேல் வருஷக்கணக்காக ஒரு மனக்குறை இருந்தது. வீட்டில் உயிரோடு உட்கார்ந்திருக்கிற மனுஷனை விட்டுவிட்டு, பெட்டிக்குள் இருக்கிற மனுஷருக்கு வேளை தவறாமல் சோறு போடுகிறாள் என்பதுதான் அது. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து லொறி ஓட்டுகிறவன் அவன். மழையில் ஊறி, தலைக்குப் போட்ட சாக்கை உதறிவிட்டு இஸ்தோப்புத் திண்ணையில் ஏறினால், உள்ளே கம்பியூட்டர் வெளிச்சத்தில் அவள் முகம் நீலமாகத் தெரியும்.

"தேத்தண்ணி?" என்பான்.

"இருங்க, இந்தப் பொம்பளைக்குப் பசி. ஒரு வாய் குடுத்துட்டு வர்றேன்."

"எனக்கும்தான்டி பசிக்குது!"

"உங்களுக்கு வாய் இருக்கு, கேட்டுட்டீங்க. அதுக்கு நான்தான் பார்த்துச் செய்யணும்."

அவனே குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டுவான். சத்தம் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பெற்றீசியா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தவள். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை எல்லாம் மாலைவரை பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. பால் கரைத்துக் கொடுப்பாள், குண்டி கழுவி விடுவாள், மத்தியானமானால் வரிசையாகத் தொட்டிலில் போட்டு ஆட்டி ஒரே மூச்சில் தூங்கப் பண்ணுவாள். சொந்தமாகப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி வீட்டில் பேச்சும் இல்லை. அவள் தூக்கி வளர்த்த பிள்ளைகளில் ஒருத்தி சுலக்ஷனா. இப்போது ஹட்டன் டவுனில் ஒரு கம்பியூட்டர் கடையில் வேலை பார்க்கிறாள். கடையில் கழித்துப் போட்ட பழைய கம்பியூட்டர் ஒன்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். அதற்குள் இருந்ததுதான் அந்தக் குடும்பம் நடத்துகிற ஆட்டம்.

அதில் துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை. வீடு கட்டலாம். ஆட்களைக் குடிவைக்கலாம். அவர்கள் சாப்பிடுவார்கள், வேலைக்குப் போவார்கள், கிழடு தட்டிச் சாவார்கள்.

"ஜெயிக்கிறதுன்னு ஒண்ணு கெடையாதா?" என்று லோரன்ஸ் முதல் நாளே கேட்டான்.

"இல்லீங்க. காலைல எந்திரிச்சு, சாப்பிட்டு, வேலைக்குப் போயி, வந்து படுக்கணும்."

"அதத்தானே நாம சும்மாவே செய்றோம்!"

அதோடு அவன் அந்தப் பெட்டியை வெறுத்துவிட்டான்.

ஒரு நாள் அடைமழை. பாதையில் மண் இறங்கி லொறி ஓடவில்லை. பகல் முழுக்க வீட்டில் கிடந்து, பீடி தீர்ந்து, செய்ய வேறு வேலை இல்லாமல் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். பெட்டிக்குள் ஒரு வீடு. நடுவில் ஒரு ஆள். முன்தலை வழுக்கை, தொப்பை, கட்டம் போட்ட சாரம். அடுப்புக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு இந்த மொட்டையன்?"

"நீங்கதான்."

லோரன்ஸ் தன் தலையைத் தடவிக்கொண்டான். "ஏன் கைய ஆட்டுறேன்?"

"பசிக்குது."

"சமைச்சுத் திங்க வேண்டியதுதானே?"

"உங்களுக்கு எங்கங்க சமைக்கத் தெரியும்? தெரிஞ்ச மாதிரி வச்சா அது நீங்களா?"

"சரி, நீ எங்க? நீ வந்து போட மாட்டியா?"

"நான் செத்துட்டேன்ல" என்றாள், கடைக்குப் போய்விட்டேன் என்கிற மாதிரி.

லோரன்ஸுக்குக் கோபம்தான் வந்தது. மாதா மாதம் நுவரெலியா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்வருகிறாள். நெஞ்சு வருத்தம் என்பது தெரியும். வாயுத்தொல்லை போல ஏதோ என்று நினைத்திருந்தான். அன்றைக்குத்தான் அவள் முழுசாகச் சொன்னாள். வால்வு பழுது. கண்டிக்குப் போய் ஒப்பரேஷன் செய்ய வேண்டும். செய்தாலும் நிச்சயம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

"எனக்காக நான் பயப்படலீங்க. நீங்க ஒத்தையில என்ன செய்வீங்கன்னுதான். லயத்துல ஒருத்தரோட உங்களுக்குப் பேச்சு இருக்கா? நாம இல்லாட்டி இந்த மனுஷனுக்கு யாராச்சும் ஒரு வாய் சோறு கொண்டாருவாங்களான்னு பார்த்தேன். எத்தனையோ தடவ பார்த்துட்டேன். ஒவ்வொரு தடவையும் நீங்க அடுப்பாண்ட நின்னுகிட்டே செத்துப்போறீங்க."

அவள் சொன்னதில் பொய் இல்லை. பக்கத்து வீட்டுச் செல்லசாமி ஒரு நத்தார் பண்டிகைக்கு முதல் நாள், எல்லாரும் தண்ணி பிடிக்கிற பீலியில் குழாயை மாட்டித் தண்ணியை முழுக்கத் தன் மரக்கறிப் பாத்திக்கு இழுத்துவிட்டான். வரிசையாக ஒட்டிக் கட்டின அந்த லயத்து வீடுகள் எல்லாம் வெறும் வாளியோடு நின்றன. அன்றைக்கு வாய்த்தர்க்கம் பட்டுப் பேச்சை நிறுத்தியவன் லோரன்ஸ். அதற்குப் பிறகு எத்தனையோ நத்தார் வந்து போய்விட்டது. செல்லசாமிக்காகப் பேச வந்தவர்களோடும் பேச்சில்லை. கடைசியில் யாருமே மிஞ்சவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுலக்ஷனா அந்த ஆட்டத்தின் புதுப் பதிப்போடு வந்தாள். பெற்றீசியாதான் வரச் சொல்லியிருந்தாள்.

"எல்லாரும் மாறிட்டாங்க அங்கிள்" என்றாள் லோரன்ஸிடம். "போன்ல எங்களுக்கு ஒரு குரூப் இருக்கு. ஒருத்தி முடி அழகா இருக்குன்னு மாறினா. ஒருத்தன் கார் ஓட்டலாம்னு மாறினான். புதுசுல மழையும் பெய்யும்."

"டயகமயில உக்காந்துகிட்டு மழைய வெளியில இருந்து கொண்டாறீங்களா? நல்லா இருக்கு உங்க கூத்து!"

பெற்றீசியா சிரித்துவிட்டுக் கேட்டாள். "முடியும் மழையும் கெடக்கட்டும் மகள். பழசுல நாம ஒரு வீட்டைப் பார்த்துகிட்டு இருந்தா மத்த வீடெல்லாம் அப்படியே நிக்குது. அங்க உள்ளவங்களுக்கு நேரம் ஓடுறதே இல்ல. நாம பார்க்காதப்ப அவங்க இல்லவே இல்ல. புதுசுல எப்படி?"

"புதுசுல எல்லா வீடும் ஒண்ணா ஓடும் அன்டி. நாம பார்க்காட்டியும் அவங்க பாட்டுக்கு வாழுவாங்க. பக்கத்து வீட்டுல சாவு, நோய்னா அவங்களுக்கே தெரியும். நடந்தத மறக்கவும் மாட்டாங்க. இன்னொண்ணு, ஒரே கூரைக்குக் கீழ பல குடும்பம் வைக்கலாம்."

"லயம் கட்டலாமா?"

"கட்டலாம்."

பழையதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி வளவுதான், துரை பங்களா மாதிரி. பெற்றீசியாவின் முகம் மலர்ந்தது. ஆனால் சுலக்ஷனா இன்னொன்றும் சொன்னாள். "ரெண்டும் இந்தப் பெட்டியில அடங்காது அன்டி. பழச அழிச்சாத்தான் புதுசு உக்காரும். பழைய ஆளுங்கள இதுக்குள்ள கொண்டுவரவும் முடியாது."

பெற்றீசியா பெட்டியின் பக்கம் திரும்பினாள். பிறகுதான் லோரன்ஸுக்குத் தெரிந்தது. பழைய ஆட்டத்தில் அந்த மொட்டையன் வீடு மட்டும் இல்லை, இன்னொரு வீடும் இருந்தது. அதில் அவளுக்குப் பிள்ளைகள். ஒரு மகன், இரண்டு மகள். தவழ்ந்தது முதல் பள்ளிக்கூடம் போனது வரை அவளே பெற்று அவளே வளர்த்தது. அவள் அந்த வீட்டைத் திறந்தாள். அங்கே பகல். மூன்று பேரையும் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தாள். ஒவ்வொருவராகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள், பிள்ளைக் காம்பராவில் மத்தியானம் செய்கிற மாதிரியே. மூன்றும் தூங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இப்ப அழிச்சிடு மகள்."

லோரன்ஸ் பார்த்துக்கொண்டிருக்கவே சுலக்ஷனா அழித்தாள்.

புது ஆட்டத்தில் அவள் லயம் கட்ட ஆரம்பித்தாள். பிள்ளைக் காம்பராவிலிருந்து வந்து, சோறு ஆக்கி வைத்துவிட்டு உட்காருவாள். இப்போது லோரன்ஸும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். தகரக் கூரை, கரி பிடித்த சுவர், இஸ்தோப்புத் தூண் எல்லாம் வந்தது. அவர்களுடையது தொங்கல் வீடு, லயத்தின் கடைசி. மலையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணி ஓடுவதற்கு அதன் முற்றத்தைக் குறுக்கே வெட்டிப் போகிற கானையும் அவள் விடவில்லை. அந்தக் கானைத் தாண்டித்தான் லயத்து ஆட்கள் அந்த வீட்டுக்கு வரவேண்டும். நடக்கப் பழகின பிள்ளைகூட அதைப் பார்க்காமலே தாண்டிவிடும்.

"இது எதுக்கு?"

"கான் வெட்டாட்டி வெள்ளம் வீட்டுக்குள்ள வந்துடும்லங்க. இதுல மழை பெய்யுமாமே."

வீடு வீடாக ஆள் வைத்தாள். பிறகு ஒரு நாள், தன் உருவத்தைச் சாக விட்டாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மொட்டையன் அழுதான். அடுப்பண்டை போய் நின்றான். கை ஆட்டினான். பெட்டிக்குள் இருட்டிற்று, விடிந்தது, மழை பிடித்தது. கதவு திறக்கவில்லை. யாரும் வரவில்லை. மறுபடி இருட்டிற்று.

"இதுலயும் வரல" என்று பெற்றீசியா முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. அவள் அழுது லோரன்ஸ் பார்த்தது அதுவரை இல்லை. தாய் செத்த அன்றைக்குக்கூட வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றவள்.

அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகிற பொம்பளையைத் தேற்றுகிற வித்தை அவனுக்குப் பழக்கமில்லாதது. அதனால் அதட்டினான். "சும்மா வீட்டுக்குள்ளயே பார்த்துகிட்டு இருந்தா? படத்தக் கொஞ்சம் பின்னால இழு. வெளியில என்ன நடக்குதுன்னு பாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பின்னுக்கு இழுத்தாள். கூரை தெரிந்தது. முற்றம் தெரிந்தது. கான் தெரிந்தது.

கானுக்கு அந்தப் பக்கம், கொட்டுகிற மழையில், லயமே நின்றுகொண்டிருந்தது. ஆம்பிளை, பொம்பளை, கிழடுகட்டைகள். எல்லார் கையிலும் ஆளுக்கொரு சோற்றுக் கோப்பை, மேலே ஆவி பறக்கிறது. கானைத் தாண்ட அந்த ஆட்களுக்குத் தெரியவில்லை. இந்த உலகத்தில் எவனும் வீட்டு முற்றத்தில் கான் வெட்டி ஆடியிருக்கமாட்டான். ஆட்டத்தைச் செய்தவனுக்கும் அது தோன்றியிருக்காது. தாண்டத் தெரியாமலும், திரும்பிப் போக மனம் இல்லாமலும், அவர்கள் வீட்டைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

லோரன்ஸ் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான்.

"எப்ப இருந்துடி நிக்கிறாங்க?"

"மொத நாள்ல இருந்தே நின்னிருப்பாங்க போல."

"முன்னுக்கு நிக்கிறது யாரு?"

"நாகலெட்சுமி அக்கா. பக்கத்துல கொடை பிடிச்சிருக்கிறது செல்லசாமி அண்ணன்."

"அவனையும் வச்சியா?"

"லயத்துல ஒருத்தரையும் விடல. உங்க ரெண்டு பேரு சண்டையையும் சேர்த்துத்தான் வச்சேன்."

"சண்டைய வச்சுமா வந்து நிக்கிறான்?"

"நான் ஒரு பட்டனையும் அமத்தலீங்க. கைய மடியிலதான் வச்சிருந்தேன். நீங்களும்தான் பார்த்துகிட்டு இருந்தீங்க."

அவன் அவள் கையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். கோயில் பூசையில் சாமியார் நன்மை அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும்போது தலை குனிவானே, அப்படிக் குனிந்தான். யாரும் ஏவாமல், யாரும் பார்க்காமல், சண்டை போட்டவனுக்குச் சோறு கொண்டுவந்து மழையில் நிற்கிறான் ஒருவன். அதுவும் உயிரில்லாத ஒரு பெட்டிக்குள்.

"ஒரு பலகையத் தூக்கிக் கான் மேல போடு" என்றான்.

அவள் போட்டாள். அவ்வளவுதான். வரிசையாக வந்தார்கள். மேசையில் கோப்பைகளை வைக்க இடம் இல்லை. தரையில் வைத்தார்கள். செல்லசாமி குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு மொட்டையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தோளில் கையைப் போட்டான். மொட்டையன் சாப்பிட்டான்.

பெற்றீசியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணி இன்னும் காயவில்லை. லோரன்ஸ் இஸ்தோப்புக்கு வந்து நின்றான். பழைய ஆட்டத்தில் அவள் தூங்கப் போட்டுவிட்டு வந்த மூன்று பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. முடிக்காகவும் காருக்காகவும் புது ஆட்டத்துக்கு மாறுகிறவர்கள் உண்டு. இவள் தன் புருஷனுக்கு ஒரு வாய் சோறு வருமா என்று பார்க்க, பெற்று வளர்த்ததை எல்லாம் விட்டுவிட்டு வந்தவள். இந்த வீட்டில் இத்தனை வருஷம் தேத்தண்ணி கேட்டுச் சத்தம் போட்டது அப்படிப்பட்ட ஒருத்தியிடமா என்று நினைக்க, மலையே தலைக்கு மேல் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவள் அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெட்டிக்குள் நாள் போகப் போக வருகிற கோப்பைகள் குறைந்தன. மொட்டையன் யார் வீட்டுக்கும் போகவில்லை, யாரையும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஒரு நாள் ஒருவரும் வரவில்லை. அதை அவள் லோரன்ஸிடம் அப்போது சொல்லவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து பெற்றீசியா உயிரோடு திரும்பவில்லை. ஒப்பரேஷன் முடிந்து கண் திறக்காமலே போய்விட்டாள். லயமே வந்து நின்றது. பிள்ளைக் காம்பராவில் அவள் தூக்கி வளர்த்தவர்கள் கொழும்பிலிருந்தெல்லாம் வந்து சவப்பெட்டியைத் தோளில் எடுத்தார்கள். அவளுக்கான நினைவுப் பூசை முடிகிற வரைக்கும் நாகலெட்சுமி வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு, எல்லாருக்கும் அவரவர் பாடு இருந்தது. ஒரு மாலையில் லோரன்ஸ் லொறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது மேசையில் ஒன்றும் இல்லை. அடுப்பண்டை போய் நின்றான்.

ஒப்பரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போக ஆட்கள் வந்த காலையில், பெற்றீசியா அவன் போட்டிருந்த சேட்டைப் பிடித்துக் கிட்டே இழுத்திருந்தாள்.

"இந்தாங்க, ஒண்ணு சொல்வேன். செய்யணும்."

"சொல்லித் தொலை. அவங்க நிக்கிறாங்க."

"கொஞ்ச நாளைக்குக் கொண்டாந்து குடுப்பாங்க. அப்பறம் நின்னுடும். அது அவங்க தப்பு இல்ல, நான் பார்த்துட்டேன். நிக்கிற அன்னைக்கு நீங்க உள்ளாற நின்னுகிட்டு இருக்கக் கூடாது. செல்லசாமி அண்ணன் வீட்டுக்கு நீங்களா போயி, கதவத் தட்டி, 'பசிக்குது, சோறு இருக்கா'ன்னு வாயத் தொறந்து கேளுங்க."